விளைச்சல் இருந்தும் விலை ஏறுவது ஏன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: உலக அளவில் நெல் விளைச்சல் குறையாத ஆண்டில்கூட அரிசி விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதாகப் படித்தேன். எப்படி?

ப: நீங்கள் சொல்வது 2008. விளைந்த அரிசியெல்லாம் உலகச் சந்தைக்கு வருவதில்லை. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நாடு விட்டு நாடு போகிறது. கோதுமையில் சுமார் நான்கில் ஒரு பங்கு. இப்படிக் குறுகிய சந்தையில் பெரிய ஏற்றுமதியாளர் ஒருவர் கதவைச் சாத்தினாலே போதும். 2007 அக்டோபரில் இந்தியா அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது, வியட்நாமும் கையை இறுக்கியது. பயந்துபோன பிலிப்பைன்ஸ் அரசு, சொன்ன விலைக்கு வாங்க டெண்டர் மேல் டெண்டர் விட்டது. 2008 தொடக்கத்தில் டன்னுக்கு 400 டாலர் அளவில் இருந்த தாய்லாந்து அரிசி மே மாதவாக்கில் ஆயிரத்தைத் தொட்டது. தன் கிடங்கில் இருக்கும் இறக்குமதி அரிசியை விற்க ஜப்பான் முன்வரும் என்ற செய்தி வந்ததும், ஒரு கப்பல்கூடக் கிளம்புவதற்கு முன்பே விலை இறங்கத் தொடங்கியது. தட்டுப்பாட்டைவிடத் தட்டுப்பாடு வரும் என்ற பயம்தான் அங்கே அதிக வேலை செய்தது.

கே: எரிவாயு விலை ஏறினால் சாப்பாட்டு விலை ஏன் ஏற வேண்டும்? போக்குவரத்துச் செலவுதானா?

ப: அது சிறு பகுதி. யூரியாவுக்கு எரிவாயுதான் மூலப்பொருள். அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, காற்றிலுள்ள நைட்ரஜனுடன் சேர்த்து அம்மோனியா ஆக்கி, அதிலிருந்து யூரியா செய்கிறார்கள். எரிவாயுவில் ஓடும் ஆலைகளில் அம்மோனியாவின் உற்பத்திச் செலவில் 70 முதல் 80 சதவீதம் வரை எரிவாயுவுக்கே போய்விடும். 2022-இல் ஐரோப்பிய அம்மோனியா ஆலைகள் பல உற்பத்தியைக் குறைத்ததும் மூடியதும் இதனால்தான்.

இதன் அடி தாமதமாகத்தான் விழும். உரம் விலையேறினால் விவசாயி முதலில் பொட்டாஷையும் பாஸ்பேட்டையும் குறைப்பார். மண்ணில் இருப்பு இருந்தால் ஓரிரு பருவம் தாங்கும். யூரியாவைக் குறைத்தால் அந்தப் பருவத்திலேயே விளைச்சல் விழும். ஆகவே இன்றைய உர விலை, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து வரப்போகும் தானிய விலைக்கு முன்னறிவிப்பு.

கே: கால்வாய்களில் நெரிசல் என்றால் தானியத்துக்குத்தான் முதல் அடி என்கிறார்களே?

ப: பெரும்பாலும் ஆம். 2023-இல் பனாமாவில் மழை பொய்த்து கால்வாய்க்கு நீர் தரும் காட்டுன் ஏரி வற்றியபோது, நாளொன்றுக்கு 36 அளவில் இருந்த கப்பல் எண்ணிக்கையை 24-க்கும் கீழே இறக்கினார்கள். கண்டெய்னர் கப்பல்கள் கால அட்டவணைப்படி ஓடுவதால் முன்பதிவு செய்துவிடும். தானியக் கப்பல்கள் அப்படி ஓடுவதில்லை. அவை காத்துக் கிடக்கும், இல்லையென்றால் சுற்றிப் போகும்.

கே: உலகச் சந்தையில் விலை இறங்கிய பிறகும் சில நாடுகளில் இறங்குவதில்லையே?

ப: தானியம் டாலரில் விற்கப்படுகிறது. கோதுமை டாலர் விலையில் 10 சதவீதம் இறங்கி, இறக்குமதி செய்யும் நாட்டு நாணயத்தின் டாலர் மதிப்பு 20 சதவீதம் சரிந்தால், உள்ளூர்க் கணக்கில் கோதுமை விலை 12.5 சதவீதம் ஏறியிருக்கும் (0.9-ஐ 0.8-ஆல் வகுத்துப் பாருங்கள்). வருமானத்தைப் பொறுத்தும் வலி மாறும். செலவில் பாதி உணவுக்கே போகும் குடும்பத்துக்கு, உணவு 20 சதவீதம் ஏறினால் மொத்தச் செலவு 10 சதவீதம் கூடும்; எட்டில் ஒரு பங்கு மட்டும் உணவுக்குச் செலவிடும் குடும்பத்துக்கு 2.5 சதவீதம்தான். மத்திய வங்கி வட்டியை ஏற்றலாம். அதனால் கூலி, மற்ற பொருள்கள் என்று விலையேற்றம் பரவுவதைத் தடுக்கலாம், நாணயச் சரிவையும் ஓரளவு பிடிக்கலாம். வட்டியால் நெல் விளையாது.

கே: நெருக்கடி வருவதை முன்கூட்டியே அறிய எதைப் பார்க்க வேண்டும்?

ப: எல்லோரும் பார்ப்பது ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் விலைக் குறியீடு. 2014-16 சராசரி 100. 2022 மார்ச்சில் 160-ஐ ஒட்டிப் போய் உச்சம் தொட்டது. ஆனால் அது நடந்து முடிந்த மாதத்தின் கணக்கு. அதைவிட, ஆண்டுத் தேவையில் எத்தனை சதவீதம் கையிருப்பு இருக்கிறது என்ற விகிதத்தைப் பாருங்கள். சீனாவைக் கழித்துவிட்டுப் பார்ப்பது முக்கியம். உலகக் கோதுமைக் கையிருப்பில் பாதியளவு அங்கேதான் இருக்கிறது, அது வெளிச்சந்தைக்கு வராது. கூடவே யூரியா விலையையும் ஏற்றுமதித் தடை அறிவிப்புகளையும் கவனியுங்கள். 2010 ஆகஸ்டில் ரஷ்யாவின் கோதுமைத் தடை, 2022 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாமாயில் தடை என்று பார்த்தால், தடைச் செய்தி வந்த பிறகு வாங்கப் போகிறவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டார்.

கே: அப்படியானால் வீட்டில் ஆறு மாத அரிசியை வாங்கி அடுக்கிவிடலாமா?

ப: வேண்டாம். பிலிப்பைன்ஸ் செய்ததை ஊரே சேர்ந்து செய்தால் கடையில் அதேதான் நடக்கும். வழக்கமாக வாங்குவதோடு ஒரு மாதத்துக்கு மட்டும் கூடுதலாக வைத்து, பழையதை முதலில் எடுத்துப் புழங்குங்கள். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டிய அரிசி காற்றுப் புகாத டப்பாவில் பூசணம் பிடிக்கும். வாங்கியதும் நிழலில் உலர்த்தி, ஆறவிட்டு மூடுங்கள்.