உரச்சத்து கூடினால் குளத்தின் அடியில் வளரும் செடிகள் செழிக்காமல் ஏன் அழிகின்றன?

உரம் கூடினால் செடி செழிக்கத்தானே வேண்டும், எங்கள் ஊர்க் குளத்தில் மட்டும் ஏன் எல்லாம் போய்விட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கேயும் சாக்கடை கலக்கிறது, இல்லையென்றால் மீன் குத்தகை நடக்கிறது என்றே நினைக்கிறேன்.

செடிக்கு வெளிச்சம் போய்விடுகிறது, அதுதான் காரணம். நைட்ரஜனும் பாஸ்பரசும் சேர்ந்தால் மிதக்கும் நுண்பாசி பெருகி வெயிலைக் கீழே விடாது. அதற்கு முன்பே இலைமேல் வழவழவென்று பாசி படியும். இங்கிலாந்தின் நார்ஃபோக் ஏரிகளை ஆராய்ந்தவர்கள் 1978இல் இந்தப் படிவைத்தான் முதல் அடி என்றார்கள். தரையோடு வளரும் வாலிஸ்னேரியா என்ற நாடாப்புல் சீக்கிரம் போகும். ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி மேல்மட்டம் வரை ஏறுவதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

நான் தாவரவியல் படித்துவிட்டு, கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்தவள். அப்போது படித்துறையில் நின்றால் நாடா நாடாக வாலிஸ்னேரியா அசைவது தெரியும், அதற்குள் மீன்குஞ்சுகள் ஒளிந்திருக்கும். பிறகு குளம் குத்தகைக்குப் போனது. குத்தகைக்காரர் டிராக்டரில் கோழி எரு கொண்டுவந்து கொட்டினார். புல்கெண்டையும் விட்டார், மிச்சமிருந்த செடியை அது தின்றது. தண்ணீர் கெட்டியான பச்சையானது. விடியற்காலையில் மீன் செத்து மிதக்கும். ராத்திரியில் பாசியும் சுவாசிக்கும், அதில் பிராணவாயு தீர்ந்துவிடும்.

கிராம சபையில் எழுந்து சொன்னேன். "தண்ணி பச்சையா இருந்தாத்தாம்மா மீன் கனக்கும்" என்றார் குத்தகைக்காரர். மிதக்கும் பாசியைத் தின்னும் வெள்ளிக் கெண்டைக்கு அது ஓரளவு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும், அந்தத் தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது என்றேன். "வாழ வந்த பொண்ணுக்கு ஊர்க் குளத்துல என்ன பேச்சு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். நான் பேசியது கூட்டக் குறிப்பில் ஏறவே இல்லை. நடவுக்கும், நூறு நாள் வேலையில் அதே குளத்தைத் தூர் வாரவும் மருமகள்கள் வேண்டும். எழுந்து ஒரு வார்த்தை பேசினால் வெளியூர்க்காரி. இன்னும் ஆறவில்லை எனக்கு.

விவசாயியைக் குறை சொல்கிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் வயலுக்கும் யூரியா, டி.ஏ.பி. போடுகிறோம், வடிகால் நீரில் அதுவும் கொஞ்சம் குளத்துக்குத்தான் போகிறது. எருவை வேண்டுமென்றே தண்ணீரில் கொட்டுவதைத்தான் கேட்கிறேன்.

செடி ஒருமுறை போய்விட்டால் திரும்புவது கஷ்டம். சேற்றைப் பிடித்துவைக்க வேர் இருக்காது, பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு மறைவிடம் இருக்காது, தண்ணீர் கலங்கியே கிடக்கும். நெதர்லாந்தின் வேலுவெமீர் ஏரிக்கு வந்த பாஸ்பரசை 1979இல் வெட்டிக் குறைத்தார்கள். அப்படியும் தண்ணீர் நன்றாகத் தெளிய 1990கள் ஆயின. சேற்றைக் கிளறும் பிரீம் மீன்களைப் பிடித்து எடுத்ததும் அதற்கு உதவியது.

உங்கள் குளத்தில் காப்பர் சல்பேட் போடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பாசியோடு நல்ல செடியும் போகும், செத்த பாசியின் பாஸ்பரஸ் குளத்திலேயே இருக்கும். முதலில் எருவும் சாக்கடையும் வரும் வழியை அடைத்துவிடுங்கள். அப்புறம் கோடையில் வற்றும்போது மேல்சேற்றை அள்ளி வயலுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், பழைய பாஸ்பரஸ் பெரும்பாலும் அதில்தான் கிடக்கிறது.