பழைய அட்டைப்பெட்டியும் இரண்டு திருப்பத்தூரும்

லாரி பார்சல் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, புக்கிங், குடோன் வேலை தெரிந்தவர்கள் இந்த இதழில் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: திருப்பத்தூருக்கு மூன்று பெட்டி துணி போட்டேன். இரண்டு மறுநாளே போய்விட்டன. ஒன்று மட்டும் எட்டு நாள் கழித்துச் சேர்ந்தது. ஒரே ரசீதில் போட்ட சரக்கு எப்படிப் பிரியும்? - வாசகர், ஈரோடு

பதில்: ரசீதுதான் ஒன்று, பெட்டிகள் தனித்தனி. புக்கிங் ஆபீஸிலிருந்து குட்டியானையில் குடோனுக்குப் போகும். அங்கே ஊர்வாரியாகப் பிரித்து இரவு லாரியில் ஏற்றுவார்கள். போன இடத்தில் இறக்கி, மறுபடி சின்ன வண்டி. ஏற்றுவதும் இறக்குவதுமாக ஆறு முறையாவது கை மாறும். ராத்திரி குடோனில் லோடுமேன் விலாசம் படித்துக்கொண்டிருக்க மாட்டார். எல்.ஆர். (லாரி ரசீது) எண், எத்தனை உருப்படி, எந்த ஊர்: பெட்டியில் மார்க் போட்ட இந்த மூன்றைத்தான் பார்ப்பார்.

உங்கள் விஷயத்தில் சந்தேகம் இரண்டு. ஒன்று, பழைய அட்டைப்பெட்டி. போன தடவை எழுதிய எண்ணும் ஊரும் ஒரு பக்கம் அப்படியே இருக்கும். அந்தப் பக்கம் மேலே தெரிந்தால் பெட்டி அந்த ஊர் அடுக்குக்குத்தான் போகும். பழைய மார்க்கை வெறுமனே குறுக்கே கோடு போட்டு அடிக்காதீர்கள், மேலே தாள் ஒட்டி மறையுங்கள். இரண்டு, ஊர்ப் பெயர். வாணியம்பாடி பக்கம் ஒரு திருப்பத்தூர் (635601), சிவகங்கை மாவட்டத்தில் இன்னொன்று (630211). பின்கோடு எழுதாத பெட்டி தப்பான லாரி ஏறினால், அது திரும்பி வரவே நாலைந்து நாள் ஆகும்.

மார்க்கை செலோ டேப்பின் மேல் எழுதினால் தேய்ந்து போய்விடும். அட்டையின் மேலேயே எழுதுங்கள். மேல்பக்கம் போதாது, அடுக்கினால் அது மறைந்துவிடும். எதிரெதிர் பக்கவாட்டுகளில் 3/1, 3/2, 3/3 என்று போடுங்கள். பெட்டிக்குள்ளேயும் பெயர், போன் நம்பர் எழுதிய ஒரு சீட்டு. பெட்டி கிழிந்து மார்க் போனால், சொந்தக்காரர் யாரென்று சொல்ல அது ஒன்றுதான் மிஞ்சும்.

கேள்வி: பைக்கை பார்சலில் போட என்னென்ன செய்ய வேண்டும்? - வாசகி, தென்காசி

பதில்: பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். கண்ணாடிகளைக் கழற்றுங்கள். ஆர்.சி. நகல் கொடுங்கள். ஹேண்டில் லாக் போட்டு விடாதீர்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். உருட்ட முடியாத வண்டியை இழுத்துத்தான் ஏற்றுவார்கள். அதிகம் வளைவது கிளட்ச், பிரேக் லீவர்கள்தான். சாக்கு சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். கிலோமீட்டர் மீட்டரோடு நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: எண்பதாயிரம் ரூபாய் சரக்கு, சேலத்திலிருந்து மதுரைக்கு. ஈ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டுமா? - வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் வேண்டும். அதே சரக்கு பெங்களூருக்குப் போனால் 50,000 ரூபாய்தான் வரம்பு. இந்த மதிப்பு வரியையும் சேர்த்தது. பில் எடுத்தால் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அது செல்லும். வழியில் வண்டி மாறினால் பில்லில் வண்டி நம்பரையும் மாற்ற வேண்டும். செக்கிங்கில் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: பெட்டி நசுங்கி வந்தது, கையெழுத்துப் போட்டு எடுத்துவிட்டோம். நஷ்டம் கேட்க முடியுமா? - வாசகர், நாகர்கோவில்

பதில்: கேட்கலாம், ஆனால் கை தளர்ந்துவிட்டது. டெலிவரி நகலில் "நசுங்கிய நிலையில் பெற்றேன், உள்ளே இத்தனை குறைவு" என்று எழுதிய பிறகே கையெழுத்து. எடை குறைந்தது போலத் தெரிந்தால் அங்கேயே தராசில் வைத்து அதையும் எழுதுங்கள். சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-ன்படி, புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்தால்தான் வழக்குப் போட முடியும். புக் செய்யும்போது அதிக மதிப்பை அறிவித்து, அதற்கான கூடுதல் கட்டணம் கட்டவில்லை என்றால், பொதுவாக வாடகையைப் போல் பத்து மடங்குதான் உச்சவரம்பு. 150 ரூபாய் வாடகைக்கு 1,500 ரூபாய். மிக்ஸி போட்டு அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

கேள்வி: 'டு பே'யில் (வாங்குகிறவர் வாடகை கட்டும் முறை) அனுப்பினேன், வாங்க வேண்டியவர் மறுத்துவிட்டார். வாடகை யார் தலையில்? - வாசகர், கரூர்

பதில்: உங்கள் தலையில்தான், போக வர இரண்டும். குடோனில் கிடந்த நாளுக்கு டெமரேஜ் (தாமதக் கட்டணம்) தனி.