பழைய குத்துச்சண்டைப் படங்களில் கையை ஏன் நீட்டிப் பிடித்திருக்கிறார்கள்?

சமூக மன்ற வகுப்பில் மாஸ்டர் "கையைக் கன்னத்தோடு ஒட்டி வை" என்கிறார், பழைய படங்களில் மட்டும் ஏன் அப்படி இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி.

காரணம் கையுறை. அந்தக் காலத்தில் அது இல்லாமல் வெறுங்கையால்தான் சண்டை. வெறுங்கையால் மண்டையில் குத்தினால் குத்தியவனின் கை எலும்பே முறியலாம். அதனால் தலைக்குக் குத்து குறைவு. 1743-இல் ஆங்கிலேயக் குத்துச்சண்டை வீரர் ஜாக் பிரௌட்டன் எழுதிய விதிகளின்படி எதிராளியை இடுப்புக்கு மேலே பிடித்துக் கீழே தள்ளவும் செய்யலாம். ஆகவே எட்டி நின்று, நீட்டிய முன்கையால் தட்டிவிடுவதே பாதுகாப்பு. சிங்கப்பூர் தேக்காவில் சிலம்பம் கற்றவரைக் கேளுங்கள், தூரம்தான் முதல் கவசம் என்பார்.

இந்தக் கலையை மாற்றியவர் டேனியல் மெண்டோசா. உயரம் 5 அடி 7 அங்குலம், எடை ஏறக்குறைய 73 கிலோ. தன்னைவிடப் பெரிய ஆட்களைக் குனிந்தும், பக்கவாட்டில் நகர்ந்தும், தடுத்தும் ஜெயித்து 1790களில் இங்கிலாந்தின் சாம்பியன் ஆனார். அதைக் கோழைத்தனம் என்று பழித்தவர்களும் உண்டு. அடி வாங்காததற்கெல்லாம் திட்டு!

1867-இல் வந்த குயின்ஸ்பெரி விதிகள் கையுறையைக் கட்டாயமாக்கின, மல்யுத்தப் பிடிகளைத் தடை செய்தன. அப்புறம் தலைக்குக் குத்து பெருகியது, பஞ்சு வைத்த கையே சுவரானது. கைகள் கன்னத்துக்கு ஏறின. அமெரிக்கப் பயிற்சியாளர் கஸ் டமாட்டோ இதையே இறுக்கி, ஃப்ளாய்ட் பேட்டர்சனுக்கும் மைக் டைசனுக்கும் 'பீக்-அ-பூ' பாணியாகக் கற்றுக்கொடுத்தார். உங்கள் மாஸ்டர் சொல்வது இந்த வழிதான்.