பொடுதலை ஜெல் ஏன் தண்ணீராகிறது?

கேள்வி: பி.ஃபார்ம் கடைசி வருஷம். புராஜெக்டுக்காகப் பொடுதலை என்ற மூலிகையின் சாற்றில் பொடுகு ஜெல் செய்தோம். கார்போபால் (ஜெல்லைக் கெட்டியாக்கும் பொடி) நன்றாகக் கெட்டிப்பட்டது. சாற்றை ஊற்றியதும் இளகி ஓடிவிட்டது. எங்கே தப்பு? (மாணவி, குரோம்பேட்டை)

அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். படிக்கிற காலத்தில் நான் செய்த முதல் ஜெல்லும், பீக்கரைச் சாய்த்தால் ரசம் மாதிரி வழிந்தது. காரணம், செடியில் இருக்கும் உப்பு. காரம் (ஆல்கலி) சேர்ந்ததும் கார்போபால் இழைகளில் எதிர்மின்சுமை ஏறும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரியும். கெட்டித்தன்மை அதனால்தான். பொட்டாசியம், கால்சியம் அயனிகள் உள்ளே வந்தால் தள்ளுவது அடங்கி இழைகள் சுருண்டுவிடும். கற்றாழைச் சாறு ஊற்றினாலும் இதே கதைதான். கரைக்க போர் தண்ணீர் எடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம்!

நிழலில் உலர்த்திய இலையை 70 சதவீத எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுங்கள். வாட்டர் பாத்தில் (சுடுநீர்த் தொட்டி) ஆல்கஹாலை ஓட்டிவிட்டு (பக்கத்தில் பர்னர் எரியக்கூடாது), மிஞ்சும் விழுதைக் கொஞ்சமாகச் சேருங்கள். உப்பு குறைவாகத்தான் வரும். அப்படியும் இளகினால் கார்போபாலை விட்டுவிட்டு ஹைட்ராக்சி எத்தில் செல்லுலோஸுக்கு மாறுங்கள். அதற்கு மின்சுமை இல்லை, உப்பைத் தாங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பொடுகில் பங்குள்ள மலசேசியா பூஞ்சை கொழுப்பில்லாமல் வளராது. சாதாரண அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) கேண்டிடா என்ற வேறு பூஞ்சையை வளர்த்துவிட்டு ‘பொடுகுக்கு எதிராக வேலை செய்தது’ என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேலே ஆலிவ் எண்ணெய் பரப்பிய தட்டில் மலசேசியாவையே வளருங்கள். சாறு சேர்க்காத வெறும் ஜெல்லையும் அதே தட்டில் பக்கத்துக் குழியில் வையுங்கள். பல சமயம் பூஞ்சையைக் கொன்றது மூலிகையாக இருக்காது, ஜெல் கெடாமலிருக்கச் சேர்த்த பிரிசர்வேட்டிவாக இருக்கும்.

கேள்வி: பொடுகு இருந்தால் வாரம் இரண்டு நாள் எண்ணெய் ஊறவைக்கச் சொல்கிறார் மாமியார். சரியா? (வேளச்சேரி)

அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடே கொழுப்புதான். எண்ணெய் வைத்ததும் செதில் படிந்துபோவதால் பொடுகு போனதுபோல் தெரியும், அவ்வளவே. சென்னை வேர்வைக்கு, எண்ணெய்ப் பசை இல்லாத ஜெல் தேவலாம். அதையும் வகிடு பிரித்துத் தலைத்தோலில் தடவ வேண்டும், முடியில் அல்ல. பொடுகு விடாப்பிடியாக இருந்தால் 2 சதவீத கீட்டோகோனசோல் (பூஞ்சைக்கொல்லி மருந்து) ஷாம்பு. நுரையை 3 முதல் 5 நிமிஷம் ஊறவிட்டு அலசுங்கள். காதோரம், புருவம் எல்லாம் சிவந்து உதிர்ந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: வீட்டில் அரைத்த கற்றாழை, வெந்தய ஜெல் எத்தனை நாள் தாங்கும்? (அம்பத்தூர்)

ஃபிரிட்ஜில் இரண்டு நாள். மூன்றாம் நாள் வாடையே சொல்லிவிடும். ஈரமும் சர்க்கரையும் உள்ள எதிலும் கிருமி வளரும். சொறிந்து புண்ணான தலையில் அதைத் தடவுவது வம்பு. கற்றாழை மடலை வெட்டியதும் கவிழ்த்து நிறுத்தி, மஞ்சள் பாலை வடியவிடுங்கள். அரிப்பு வருவது பெரும்பாலும் அதனால். முதல் தடவை முழங்கை உட்புறம் தடவி ஒரு நாள் பாருங்கள்.

கேள்வி: டெங்கு வந்துபோய் மூன்று மாதம். முடி கொத்தாக வருகிறது. கரிசலாங்கண்ணி ஜெல் கேட்குமா? (பெரம்பூர்)

காய்ச்சலின்போது ஓய்வுக்குப் போன முடி, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிரும். பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானே திரும்பிவிடும். அந்த நேரத்தில் எதைத் தடவினாலும் பெயர் அதற்குப் போய்ச் சேரும். கரிசலாங்கண்ணிக்கும் செம்பருத்திக்கும் கிடைத்த புகழில் பாதி இப்படி வந்தது என்பது என் சந்தேகம். எலிகளில் நல்ல முடிவு வந்திருக்கிறது, மனிதர்களிடம் போதிய சான்று இல்லை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), தைராய்டு பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் செய்த மூலிகை ஜெல்லை இன்ஸ்டாகிராமில் விற்கலாமா? (மடிப்பாக்கம்)

லைசென்ஸ் இல்லாமல் கூடாது. அழகுப்பொருளாக என்றால் 2020ஆம் வருஷ அழகுப்பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் வாங்க வேண்டும். சித்த மருந்தாக என்றால் அதற்குத் தனி லைசென்ஸ். அடுப்படியில் செய்ததற்கு இரண்டும் கிடைக்காது. மருந்து லேபிளில் ‘வழுக்கை குணமாகும்’, ‘இளநரை மாறும்’ என்றெல்லாம் போடவும் முடியாது. இரண்டுமே, குணமாக்குவதாக மருந்துகள் சொல்லக்கூடாதவற்றின் பட்டியலான அட்டவணை ஜே-யில் இருக்கின்றன.