பலகார மேசையில் பத்தமடைப் பாய்

கேள்வி: தீபாவளிக்குப் பலகார மேசையில் பத்தமடைப் பாய் விரிக்க ஆசை. அல்வா நெய் பட்டால் கெட்டுவிடுமா?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: கெடும். கோரையில் ஊறிய நெய்க்கறை லேசில் போகாது. அல்வாவை விளிம்புள்ள பித்தளைத் தட்டில், வாழையிலைத் துண்டின்மேல் வையுங்கள். இலையைத் தணலில் லேசாக வாட்டினால் கிழியாமல் தட்டோடு படியும். அல்வாவை மலையாகக் குவித்தால் நெய் அடியில் இறங்கித் தேங்கும். அரைக் கிலோ போதும்.

முறுக்கும் தட்டையும் ஓலைக் கொட்டானில் அழகுதான். ஆனால் ஐப்பசி ஈரத்தில் சீக்கிரம் நமுத்துவிடும். பத்துப் பத்தாக எடுத்து வைத்து, மிச்சத்தை டின்னில் மூடுங்கள்.

குத்துவிளக்கு மேசையில் வேண்டவே வேண்டாம். மின்விசிறிக் காற்றில் சுடர் சாய்ந்தால் கோரை பற்றிக்கொள்ளும். எறும்புக்கு, மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். பண்டிகை முடிந்த பிறகு பாயைச் சுருட்டி வையுங்கள். மடித்தால் கோரை ஒடியும்.