ஜே-1 (பரிமாற்றப் பயிற்சி) விசாவில் ரெசிடென்சி (ஆஸ்பத்திரியில் செய்யும் மேற்பயிற்சி) முடிக்கும் டாக்டர், இரண்டு வருடம் இந்தியா திரும்பாமல் அமெரிக்காவிலேயே வேலை பார்க்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டவர் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) இரண்டாம் வருடத்தில் இருக்கிறார். இந்திய அரசிடமிருந்து 'நோ அப்ஜெக்‌ஷன்' (ஆட்சேபணை இல்லை) கடிதம் வாங்கினால் போதும் என்று நண்பர் ஒருவர் சொன்னாராம். முதலில் அதை மறந்துவிடுங்கள். ஜே-1இல் வந்த ஆராய்ச்சியாளர்களுக்கு அந்த வழி உண்டு. ரெசிடென்சி செய்ய வந்த டாக்டர்களுக்குச் சட்டமே அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

நானும் உங்களைப் போல இன்டர்னல் மெடிசின்தான். சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்துத்தான் இந்த இரண்டு வருடக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டேன்.

இந்தக் கட்டு என்பது அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212(இ) பிரிவு. பயிற்சி முடிந்ததும் மொத்தம் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அதுவரை ஹெச்-1பி வேலை விசாவும் இல்லை, நிரந்தரமாகத் தங்க கிரீன் கார்டும் இல்லை. குடும்பத்தினருக்கான ஜே-2 விசாவில் வந்த மனைவி, கணவன், பிள்ளைகளுக்கும் இதே கதிதான். 'எங்கள் நாட்டுக்கு இந்தப் படிப்பு படித்தவர்கள் தேவை' என்று டெல்லி சுகாதார அமைச்சகத்திடம் ஒரு தாள் வாங்கி வந்தோமே, திரும்பி வருவதாக நாமும் எழுதிக் கொடுத்தோமே, அதெல்லாம் இதற்காகத்தான்.

இதிலிருந்து விலக்கு வாங்க நம்மில் பெரும்பாலோர் போகும் பாதை 'கான்ராட் 30'. வடக்கு டகோட்டாவின் செனட்டர் கென்ட் கான்ராட் கொண்டுவந்த சட்டம். 1994இல் மாநிலத்துக்கு 20 இடம் என்று தொடங்கி, 2002இல் 30 ஆனது. டாக்டர் பற்றாக்குறை என்று அமெரிக்க மத்திய அரசு குறித்து வைத்திருக்கும் பகுதியில் மூன்று வருடம், வாரம் 40 மணி நேரம், ஹெச்-1பி அந்தஸ்தில் வேலை பார்க்க வேண்டும். விலக்கு கிடைத்த 90 நாளுக்குள் வேலையில் சேர ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஹெச்-1பிக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது, அதனால் விண்ணப்பங்களைக் குலுக்கிப் போட்டு எடுக்கும் லாட்டரித் தலைவலி இல்லை. முப்பதில் பத்து இடத்தை, பற்றாக்குறைப் பகுதிக்கு வெளியே இருந்தாலும் அங்கிருந்து வரும் நோயாளிகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரிகளுக்கு மாநிலம் கொடுக்கலாம். ஸ்பெஷலிஸ்டுகளுக்கு இது பெரிய உதவி.

தேதிகளைக் கவனியுங்கள். மத்திய அரசின் நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது, முப்பது இடமும் அன்றுதான் புதிதாகத் திறக்கும். கிராக்கி அதிகமுள்ள மாநிலங்களில் வாசல் திறந்த வேகத்திலேயே இடம் தீர்ந்துவிடும். அப்படியென்றால் மூன்றாம் வருடம் தொடங்கிச் சில மாதங்களிலேயே கையெழுத்தான கான்ட்ராக்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும். கணக்குப் போட்டால், வேலை தேட வேண்டியது இப்போதே, இரண்டாம் வருடத்திலேயே. என் சீனியர்கள் சொன்னபோது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை, கடைசி நேரத்தில் ஓடினேன்.

அந்த ஓட்டத்தில் ஒரு தப்பு நடந்தது. திங்கள் முதல் புதன் வரை பெரிய கிளினிக், வியாழனும் வெள்ளியும் பன்னிரண்டு மைல் தள்ளி இன்னொரு கிளினிக் என்று கான்ட்ராக்டில் எழுதியிருந்தார்கள். நானும் சம்பளம் இருக்கும் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஆறு வாரம் கழித்து மாநிலத்திலிருந்து ஃபைல் திரும்பி வந்தது: இரண்டாவது கிளினிக்கின் முகவரி பற்றாக்குறைப் பகுதிக்குள் இல்லையாம்! கவுன்ட்டி (மாவட்டம் மாதிரி) எல்லை அந்தச் சாலையின் நடுவில் ஓடுகிறது, கிளினிக் இருந்தது அந்தப் பக்கம். கான்ட்ராக்டைத் திருத்தி மறுபடி அனுப்பியபோது நான்கு இடம்தான் மிச்சம் என்றார்கள். நீங்கள் அந்தப் பாடு பட வேண்டாம். பற்றாக்குறைப் பட்டியலை வைத்திருக்கும் மத்திய அமைப்பான எச்.ஆர்.எஸ்.ஏ.வின் இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் பகுதி பற்றாக்குறைப் பட்டியலில் இருக்கிறதா என்று சொல்லிவிடும். வேலை பார்க்கப்போகும் ஒவ்வொரு முகவரியையும் நீங்களே போட்டுப் பாருங்கள், ஆஸ்பத்திரி வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.

அப்படியே இன்னும் இரண்டு பத்திகளைத் தேடிப் படியுங்கள். 'வேலையை விட்டபின் இத்தனை மைலுக்குள் பிராக்டிஸ் செய்யக் கூடாது' என்ற நிபந்தனையையும், காரணமே சொல்லாமல் வேலையைவிட்டு நீக்கலாம் என்ற நிபந்தனையையும் பல மாநிலங்கள் ஏற்பதில்லை. இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். அடக்கமாகக் கேட்டால் நீக்கிவிடுவார்கள், அவர்களுக்கும் டாக்டர் வேண்டும். மூன்று வருடத்துக்குள் நீங்களாக விட்டுவிட்டுப் போனால் இரண்டு வருடக் கட்டு திரும்ப வந்து உட்காரும். ஆஸ்பத்திரியே மூடிவிட்டது மாதிரியான காரணம் இருந்தால், வேறொரு பற்றாக்குறைப் பகுதியில் மிச்சக் காலத்தை முடிக்க அனுமதி கேட்கலாம்.

தாள் போகும் வரிசை இது: நீங்கள் டிஎஸ்-3035 படிவத்தை நிரப்பிக் கேஸ் நம்பர் வாங்குவீர்கள், மாநிலச் சுகாதாரத் துறை சிபாரிசு செய்யும், வெளியுறவுத் துறை அதைப் பார்த்துக் குடியேற்றத் துறைக்குப் பரிந்துரைக்கும், முடிவு அவர்கள் கையில். அனுப்பும் காகிதம் ஒவ்வொன்றிலும் அந்தக் கேஸ் நம்பர் இருக்க வேண்டும். என் மனைவி சமையல் மேஜையில் உட்கார்ந்து நீல மையில் எழுதிக்கொண்டே வந்தாள், எண்பதாவது பக்கத்தில் பேனா தீர்ந்தது.

கான்ராடில் இடம் கிடைக்காவிட்டால்? அமெரிக்க மத்திய சுகாதாரத் துறை வழியாக ஒரு விலக்கு உண்டு, அதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆனால் அது பிரைமரி கேருக்கும் (முதல்நிலைச் சிகிச்சை) ஜெனரல் சைக்கியாட்ரிக்கும் (பொது மனநல மருத்துவம்) மட்டும், பயிற்சி முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் இருக்க வேண்டும். ரெசிடென்சிக்குப் பிறகு ஃபெலோஷிப் என்ற சிறப்புப் பயிற்சிக்குப் போகும் எண்ணமிருந்தால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அப்பலாச்சியா, மிசிசிப்பி டெல்டா பகுதிகளுக்குத் தனித்தனி ஆணையங்கள் இருக்கின்றன. படைவீரர் ஆஸ்பத்திரிகளும் விலக்குக் கேட்கலாம். அமெரிக்கக் குடிமகனான பிள்ளைக்கோ துணைக்கோ மிகக் கடுமையான பாதிப்பு வரும் என்று நிரூபிக்கும் வழியும் உண்டு, அது பெரிய வழக்கு. நல்ல வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள்.

மூன்று வருடம் முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். பற்றாக்குறைப் பகுதியில் மொத்தம் ஐந்து வருடம் வேலை பார்த்தால் டாக்டர்களுக்கான 'தேசிய நலன் விலக்கு' என்ற வேறொரு சலுகையின் வழியே கிரீன் கார்டு கேட்கலாம், இந்த மூன்றும் அந்த ஐந்தில் சேரும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வரிசை நீளம். சீக்கிரம் மனு போட்டு இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. நான் இப்போது இதே ஊரில் ஏழாம் வருடம். நல்ல புளி வாங்க இன்றைக்கும் இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும்.