நான்கு இலக்குகளும் நின்றுபோனால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எனக்கு 41 வயது. நாள் முழுவதும் உட்கார்ந்தே செய்யும் வேலை. தினமும் ஒரு மணி நேரம் ஓவியம், 5 கிலோமீட்டர் நடை, அதிகாலையில் எழுவது, இரவு 10 மணிக்குள் படுப்பது என்று ஆண்டுத் தொடக்கத்தில் நான்கு இலக்குகளை எழுதிவைத்தேன். மூன்றாவது வாரத்திலேயே எல்லாம் நின்றுவிட்டன. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்கள்; என்னால் அதைக்கூடத் தாண்ட முடியவில்லை. எனக்கு மன உறுதி போதாதா?

பதில்: உங்கள் மன உறுதியில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பட்டியல்தான் கனம் தாங்கவில்லை.

அந்த 21 நாள் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை மருத்துவர், தம்மிடம் சிகிச்சை பெற்றவர்களுக்கு மாறிய முகம் பழகக் குறைந்தது 21 நாட்களாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். வாய்வழியாகப் பரவியபோது ‘குறைந்தது’ காணாமல் போய், அது எல்லாப் பழக்கங்களுக்கும் பொது விதியாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியின் குழு 96 பேரை 12 வாரங்கள் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் இது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்றவை விரைவில் படிந்தன. உடற்பயிற்சிக்கு அதிக நாட்கள் பிடித்தன. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். மூன்றாவது வாரத்தில் நீங்கள் தோற்றுவிடவில்லை. பாதி வழிகூடப் போயிருக்கவில்லை.

நடையை எடுத்துக்கொள்வோம். ஒரே மூச்சில் 5 கிலோமீட்டர் நடக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். வேலை நாளில் அது கிடைக்காது. கிடைக்காத அன்று முழுவதையும் விட்டுவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை. ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடமாவது இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை அதில் இல்லை. ஆகவே துண்டு துண்டாக நடக்கலாம். ‘நேரம் கிடைக்கும்போது நடப்பேன்’ என்பது திட்டமே அல்ல. ‘மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் வெளியே இறங்கிப் பத்து நிமிடம் நடப்பேன்’ என்று ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான்: எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் வெறும் ஆசையோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். மூட்டு வலி, இதயக் கோளாறு ஏதேனும் இருந்தால் வேகத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓவியத்துக்கு இதே வழி பாதிதான் பொருந்தும். பழக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிச்செல்லும் இடம் இது. நடை, தூக்கம் எல்லாம் யோசனையின்றி நடந்தால் நமக்கு லாபம். யோசனையின்றி வரைந்த படமோ செத்துப் பிறக்கும். எனவே வரைவதைப் பழக்கமாக்க முயலாதீர்கள். வரைய உட்காருவதைப் பழக்கமாக்குங்கள். இலக்கு ஒரு மணி நேரமும் வேண்டாம், நல்ல படமும் வேண்டாம். பத்து நிமிடம் தாளின் முன் இருந்தால் அன்றைய கடமை முடிந்தது.

உட்காருவதைத் தடுப்பது பெரும்பாலும் சோம்பல் அல்ல, ‘எதை வரைவது’ என்ற கேள்வி. களைத்துப்போன மாலையில் அதற்கு விடை தேட யாருக்கும் தெம்பிருக்காது. வார விடுமுறையில் ஒரு துண்டுச் சீட்டில் ஏழு பொருட்களை எழுதி நோட்டில் செருகிவிடுங்கள்: சாவிக்கொத்து, கிண்ணம், கழற்றிப் போட்ட செருப்பு. நோட்டை அலமாரியில் வைக்காமல் மேசையில் விரித்தே வையுங்கள். பென்சிலை முந்தைய இரவே சீவிவிடுங்கள். நிறுத்தும்போது பாதியில் நிறுத்துங்கள். கிண்ணத்தின் விளிம்பு முடிந்து, அடியில் விழும் நிழல் மட்டும் பாக்கி இருக்கட்டும். மறுநாள் வெற்றுத் தாளோடு மல்லுக்கட்ட வேண்டாம், நிழலிலிருந்து தொடங்கலாம். முதல் இரண்டு மாதங்களுக்குப் படங்களைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள் என்பது என் கறாரான கருத்து. விருப்பக்குறிகளை எண்ணத் தொடங்கினால், பிறருக்குப் பிடித்ததைத்தான் கை வரையும்.

‘ஆண்டு முடிவில் 12 முழுப் படங்கள்’ போன்ற பெரிய இலக்கு இருக்கலாம். அதை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும். தினமும் பார்த்தால் மிரட்டும்.

நாட்காட்டியில் தினமும் குறி போடுவது சிலருக்கு உதவும். ஆனால் ஒரு கட்டம் காலியானதும் ‘எல்லாம் போயிற்று’ என்று விட்டுவிடும் ரகமாக நீங்கள் இருந்தால் வாரத்துக்கு ஐந்து நாள் என்று கணக்கு வையுங்கள். காய்ச்சல், பயணம் போன்ற நாட்களுக்கு ஒரு சின்ன வடிவம் கைவசம் இருக்கட்டும்: ஒரே ஒரு கோட்டோவியம், வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிட நடை. ஒரே கிழமையில் திரும்பத் திரும்பத் தவறினால் உங்களைத் திட்டிக்கொள்ளாமல் நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

மீதி இரண்டு இலக்குகளும் உண்மையில் ஒன்றுதான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். தாமதமாகப் படுத்துவிட்டு அதிகாலையில் எழுந்தால் அந்தக் களைப்பு நடையையும் ஓவியத்தையும் சேர்த்து விழுங்கும். விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், படுக்கும் நேரம் மெல்ல அதற்கேற்ப நகர்ந்துவரும். எழும் நேரம் காலை ஏழு மணியாக இருந்தாலும் பரவாயில்லை. ‘அதிகாலை’ என்பதை இப்போதைக்குப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.